சித்தி ஏறிய மலை

சித்தியைப் பெண்பார்க்க ஒரு டொக்டர் மாப்பிள்ளை சம்மதித்தார் என்றதும் எங்கள் வீட்டில் பால் பொங்காத குறை. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். சோபாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துப் பெண்பார்ப்பது அவருக்குப் பிடிக்காதாம். வேல்ஸ் பக்கம் ஒரு மலைக்குப் போய், ஏறிக்கொண்டே கதைக்கலாமாம். தரகர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல், "பிள்ளைக்கு மலை எண்டால் உயிர்" என்று போனில் அடித்துவிட்டார்.

யாழ்ப்பாணம் உள்ளங்கை மாதிரித் தட்டையான ஊர். கிணறு வெட்டிக் குவித்த மண்ணைவிட உயரமான எதிலும் எங்கள் பரம்பரையில் யாரும் ஏறியதில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய் என்பார்கள். தரகர் தன் பங்கைச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுப் பங்கு வேறு இருந்தது. சித்தியின் வலது முழங்காலுக்குள் ஒரு ஷெல் துண்டு இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது புகுந்தது. சமதரையில் நடந்தால் யாருக்கும் தெரியாது. லண்டனில் எங்கள் பிளாட்டின் படிகளில்தான் ஒரு காலை வைத்து, மற்றக் காலை அதன் பக்கத்தில் சேர்த்து, ஒவ்வொன்றாக ஏறுவாள். இந்தக் கால் விஷயம் தெரிந்தே முன்பு வந்த சம்பந்தங்கள் நின்றுபோயின. அதனால் இந்த முறை தரகருக்கும் சொல்லவில்லை. "முதல்ல கலியாணம் முடியட்டும்" என்றார் அம்மா.

அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. சித்தி படிப்பு விசாவில் வந்தவள். தை மாதத்தோடு விசா முடிகிறது. ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. இதுவும் தவறினால் அவள் திரும்பிப் போகவேண்டியதுதான்.

எனக்கு அப்போது ஏழு வயது. அம்மா எனக்கு ஒரு வேலை தந்தார். சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டு மலை ஏறுவாள். அவள் என் கையை அமத்தினால் நான் "கால் நோகுது" என்று சிணுங்கி உட்கார்ந்துவிடவேண்டும். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை நடப்பதற்கே அழுகிற பிள்ளை நான். மலை என்றதுமே முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். நடக்காதே என்று ஒருவர் என்னிடம் கெஞ்சியது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை.

ஒக்டோபர் மாதம். மலையடிவாரத்தில் புல் பூண்டெல்லாம் துருவேறிய நிறத்தில் கிடந்தது, மேலே பாதி மலையை மேகம் மூடியிருந்தது. மாப்பிள்ளையின் தாய் காரைவிட்டு இறங்கவேயில்லை. "எனக்கு உந்த முழங்கால் ஏலாது, தங்கச்சி" என்று அம்மாவிடம் தாராளமாகச் சொன்னார். மாமியாருக்கு முழங்கால் நோகலாம். அதில் ஒரு குறையும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் மீன் ரோல்ஸோடும் பிளாஸ்க்கோடும் அவருக்குத் துணையாகக் கீழே நின்றுகொண்டார்கள். நாங்கள் மூன்று பேரும் ஏறினோம்.

மாப்பிள்ளை சின்ன வயதிலேயே லண்டனுக்கு வந்தவர். தமிழ் தடக்கித் தடக்கி வந்தாலும் கேலிக்குக் குறைவில்லை.

"யாழ்ப்பாணத்தில மலையே இல்லை. பிறகெப்பிடி உங்களுக்கு மலை விருப்பம்?"

"இல்லாத சாமானிலதானே ஆசை வரும்" என்றாள் சித்தி.

அவர் உரக்கச் சிரித்தார். பிறகு அவளுடைய புத்தம்புது பூட்ஸைக் கேலி செய்தார், மூச்சு வாங்குவதைக் கேலி செய்தார். சித்தியும் விட்டுக்கொடுக்காமல் திருப்பிக் கொடுத்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது, அதை இன்றும் அடித்துச் சொல்வேன். இடையிடையே என் கை அமத்தப்பட்டது. நான் சிணுங்கினேன், உட்கார்ந்தேன். திட்டம் அழகாக நடந்தது.

பாதை செங்குத்தாகத் திரும்பிய இடத்தில் மறுபடி "கால் நோகுது" என்றேன். அவருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"பாவம் பிள்ளை. வாங்கோ, நான் தூக்கிறன்."

"வேண்டாம், வேண்டாம், அவ நடப்பா" என்று சித்தி பதறினாள். அதற்குள் நான் அவர் தோளில் இருந்தேன். சித்தியின் விரல்கள் என் கையைவிட்டு வர மறுத்தது ஞாபகம் இருக்கிறது. நான்தான் உதறினேன்.

அங்கிருந்து உலகமே தெரிந்தது. செம்மறிகள் பருத்திப் பஞ்சுபோலச் சிதறிக் கிடந்தன. "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்று நான் கூவ, அவரும் வேகமாக ஏறினார். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் சித்தி தூரத்தில் ஈர முகத்தோடு கையை ஆட்டி, "வாறன், வாறன்" என்றாள். உட்கார அவளுக்கு இப்போது ஒரு சாட்டும் இல்லை. உச்சிவரை ஒரு இடத்தில்கூட நிற்காமல், நொண்டாமல் ஏறி வந்தாள். உச்சியில் சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் எங்களைப் படம் எடுத்தார். அந்தப் படத்தை நான் பிறகு ஒருநாளும் பார்க்கவில்லை.

ஏறுவதைப் பிடிவாதத்தால் ஏறிவிடலாம். இறங்குவதற்கு முழங்கால் வேண்டும். கொஞ்சத் தூரத்திலேயே சித்தி ஈரப் புல்லில் குந்திவிட்டாள். எழும்ப முடியவில்லை. அவர் என்னை இறக்கிவிட்டு அவள் முன்னால் மண்டியிட்டார். முழங்காலை அங்கும் இங்கும் அமத்திப் பார்த்தார். எப்போது நடந்தது, துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா, குளிருக்கு நோகுமா என்று கேட்டார். சித்தி எல்லாவற்றுக்கும் நிலத்தைப் பார்த்தபடி "ஓம்", "ஓம்" என்றாள்.

பிறகு அவளைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். எவ்வளவு பக்குவமாக! ஒவ்வொரு கல்லிலும் நின்று, எந்தக் காலை முதலில் வைக்கவேண்டும் என்று காட்டி, அவள் வைத்ததும் "வெல் டன்" என்றார். அவளுடைய பையையும் தானே சுமந்தார். அடிவாரம்வரை ஒரு கேலிகூடச் செய்யவில்லை. நான் பின்னால் நடந்துவந்தேன், யாரும் என்னைத் தூக்கவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. கலியாணத்துக்கு எனக்கு என்ன நிறத்தில் சட்டை தைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

காரில் அம்மா சித்தியின் முகத்தை ஒருதடவை பார்த்துவிட்டு பிளாஸ்க்கை இறுக்கி மூடிக் காலடியில் வைத்தார். அப்பா லண்டன்வரை ரேடியோகூடப் போடவில்லை. மீன் ரோல்ஸ் மிச்சம் எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன்.

அந்தக் கிழமையே தரகர் போன் பண்ணினார். சாதகம் பொருந்தவில்லையாம். தை பிறந்ததும் சித்தி பெட்டி அடுக்கத் தொடங்கினாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாதாடினேன்.

"தரகர் பொய் சொல்லுறார், சித்தி. அவருக்கு உங்களில சரியான விருப்பம். கீழ வாறவரைக்கும் உங்கட கையை விடவேயில்லை, நான் பாத்தனான்!"

சித்தி மடித்த சட்டையைப் பெட்டிக்குள் வைத்தாள். என் தலையைத் தடவினாள்.

"ஓம் குஞ்சு. நல்ல டொக்டர்."

அதைத்தானே நானும் சொல்கிறேன், பிறகு ஏன் இவள் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.