நான் உட்கார்ந்திருந்த மேசை

மலாயாவில் ஜொகூர் ராஜ்ஜியத்தின் ஆலோசனைச் சபையில் இந்தியர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அதில் என்னை உட்கார வைத்தது மக்கள் அல்ல, அரசாங்கம். ரப்பர் விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷங்கள் அவை. ஜொகூர் பாருவில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒருநாள் நியமனக் கடிதம் வந்தது. கறுப்பு அல்பாக்கா கோட்டு தைத்துக்கொண்டேன். தலைப்பாகை கட்டப் பழகினேன். கண்ணாடி முன் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வதை என் மனைவி கதவோரம் நின்று கவனித்தாள்.

"உக்காரத்தானே கூப்பிட்டிருக்காங்க. பேசவா கூப்பிட்டாங்க?" என்றாள்.

"பேசாம எப்படி இருக்கிறது?"

"அதான் எனக்குப் பயம்."

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். ஆனாலும் முதல் மூன்று கூட்டங்களில் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். நியமன உறுப்பினர் என்றால் அரசாங்கத்தின் ஆள் என்று அர்த்தம். தாள்கள் வரும், படிப்போம், கை தூக்குவோம், பிறகு தேநீர் வரும். உள்ளே பேசியதை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். எனக்குப் பக்கத்து நாற்காலியில் வயதான மலாய்ப் பிரமுகர் ஒருவர் இருந்தார். நான் நெளிய ஆரம்பித்தால் என் முழங்கையைத் தொட்டு, "சபார், டாக்டர்" என்பார். பொறுமை என்று அர்த்தம். அந்த மனிதர் எனக்குக் கொடுத்த மருந்து அது ஒன்றுதான். எனக்கு அது பிடிக்கவில்லை.

வெளியே ரப்பர் தோட்டங்களில் சம்பளத்தைக் குறைத்தார்கள். பிறகு ஆட்களையே குறைத்தார்கள். தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை ஒரு பட்டியல் எழுதுவார். பட்டியலில் பெயர் இருந்தால் குடும்பத்தோடு ரயிலேறி சிங்கப்பூர் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறவேண்டியதுதான். போகிறாயா என்று யாரும் கேட்பதில்லை.

அப்போதுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். உலு திராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவள். மகளுக்குக் காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியைச் செலவு மிச்சம் பிடிக்க மூடிவிட்டார்கள் என்று லாரியில் ஏறி வந்திருந்தாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மகளின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

"அடுத்த பட்டியல்ல எங்க பேரு இருக்குதாம் ஐயா. நான் போகமாட்டேன். அங்க எனக்கு யாருங்க இருக்கா? அப்பா அம்மா செத்தது கடுதாசியில வந்துச்சு. பெறந்த வீடு இருக்குதான்னே தெரியாது. இவ பொறந்தது இங்க, இவ அப்பன் கெடக்கறது இங்க. இங்கயே யோங் பெங்ல என் சின்னம்மா மக இருக்கா. அவகூட காய்கறி போட்டுப் பொழைச்சுக்குவேன்."

"யாரும் கேட்டா, போகமாட்டேன்னு சொல்லுவியா?"

"கேட்டாத்தானே சொல்றதுக்கு?"

அந்த வாரமே சபைத் தாள்கள் வந்தன. இந்திய அரசாங்கத்துக்கு நம் அரசாங்கம் எழுதிய கடிதத்தின் நகலும் அவற்றில் இருந்தது. தொழிலாளர்கள் தாமாகவே விரும்பி ஊர் திரும்புகிறார்கள் என்று அதில் ஒரு வரி. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நாலாவது கூட்டத்தில் எழுந்தேன். சபார் என்ற கை என் முழங்கையைத் தொட்டது. தட்டிவிட்டேன். வேலை போனவர்களுக்குப் பயிர் செய்யக் கொஞ்சம் நிலம் கொடுங்கள், மூடிய ஆஸ்பத்திரிகளைத் திறங்கள் என்றேன். அதோடு விட்டிருந்தால் நல்ல பிள்ளை என்ற பெயரோடு தப்பித்திருப்பேன். இன்னொரு தேசத்தின் அரசாங்கத்துக்கு நம் பெயரில் ஏன் பொய் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன். விரும்பிப் போகிறார்கள் என்றால், அவர்களைக் கேட்டது யார்? எந்த நாளில்? தலைமை வகித்த வெள்ளைக்கார அதிகாரி என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் பதில் தரப்படும் என்றார்.

பதில் வந்தது. நிலமும் ஆஸ்பத்திரியும் பரிசீலனையில் இருக்கின்றனவாம். ஆனால் சம்மத விஷயத்தில் மாண்புமிகு உறுப்பினர் சொல்வது முற்றிலும் நியாயம் என்று ஒப்புக்கொண்டார்கள். இனிமேல் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டு, சம்மதம் என்றால் கைநாட்டு வாங்கவேண்டும். வேண்டாம் என்பவரை அனுப்பக்கூடாது. இது இந்திய உறுப்பினர் முன்னிலையில் நடக்கவேண்டும். அவர் நடுநிலையாக இருந்து, வை என்றோ வைக்காதே என்றோ சொல்லாமலிருக்க வேண்டும். சொன்னால் அந்த ஏற்பாடே ரத்தாகிப் பழைய பட்டியல் முறைக்குத் திரும்பிவிடும். சம்மதமா என்று கேட்டார் தலைவர். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று வீட்டுக்கு வந்து ஜெயித்த சந்தோஷத்தை மனைவியிடம் சொல்லக்கூடாது என்பதால் இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

முதலில் போன தோட்டம் அந்தப் பெண்ணுடையது.

மத்தியானம் வேலை முடிந்த பிறகு ஆபீஸ் முன்னால் மேசை போட்டிருந்தார்கள். துரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி நடுவில். எல்லாரும் குளித்திருந்தார்கள். ஆண்கள் வெள்ளை வேட்டி, பெண்கள் கோயில் திருவிழாவுக்கு எடுத்து வைத்திருந்த சேலை. மாரியம்மனுக்குக் கட்டுகிற மாலையில் ஒன்றை என் கழுத்தில் போட்டார்கள். தப்பு அடித்தார்கள். நம்ம டாக்டர் ஐயா நமக்காகப் பேசி ஜெயித்துவிட்டார் என்று எப்படியோ செய்தி பரவியிருந்தது. எதற்காகப் பேசினேன், எதில் ஜெயித்தேன் என்று ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவும் முடியாது.

கிராணி எழுந்து நின்றான். "ஐயா நமக்காக இம்மாந் தூரம் வந்திருக்காங்க. ஐயா முன்னால ஒவ்வொருத்தரா வந்து கைநாட்டு வெச்சிட்டுப் போங்க" என்றான். இஷ்டம் இருந்தால் என்ற வார்த்தையை விழுங்கிவிட்டான். நான் அதைத் துரையிடம் சொன்னேன். கிராணி அதையும் சேர்த்துச் சொன்னான், ஆனால் அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஒவ்வொருவராக வந்து எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு மைத்தட்டில் கட்டைவிரலை வைத்தார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. உண்மையாகவே போக ஆசைப்படுகிறவர்கள் சிலர் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாருமா? நரைத்த மீசைக்காரர் ஒருவர் விரலைத் தலைமுண்டில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார்.

"எனக்குப் போக மனசில்லீங்க. ஆனா ஐயாவை உக்கார வெச்சிக்கிட்டு இல்லேன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்களுக்கு அந்த மேசையில் கேள்வியே இல்லை. பெரிய மனிதன் ஒருவன் தங்களுக்காக வந்து உட்கார்ந்திருக்கிறான், அவன் முன்னால் ஒரு தாளைத் தள்ளிவிடுவது அவனை அவமானப்படுத்துவது. என் மானத்தைக் காப்பாற்றுவதற்காகக் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தேன்.

துரை நல்ல மாதிரியாகத்தான் கேட்டார். "நீங்கள் இவர்களோடு பேசினால் நான் அதை எழுதவேண்டியிருக்கும், டாக்டர். பிறகு பட்டியல்தான். பேசப் போகிறீர்களா?"

பேசினால் யாரையுமே கேட்கமாட்டார்கள். பேசாவிட்டால், யாராவது ஒருவராவது வேண்டாம் என்று சொல்ல இடம் இருக்கிறது. அந்தப் பெண் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் வாயாடி, சொல்லிவிடுவாள். ஒருத்தி சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கும் தைரியம் வரும். உட்கார்ந்தேன்.

அவள் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு எண்ணெய் தடவி வாரி, கனகாம்பரம் வைத்திருந்தாள். கிராணி தாளை நகர்த்தினான். அவள் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"வைக்கட்டுங்களா ஐயா?"

துரை பேனாவைக் கையில் எடுத்தார். நான் மாலையின் நூலைப் பிடித்துக்கொண்டு மைத்தட்டையே பார்த்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினால் போதும். ஆட்டவில்லை.

"ஐயா இருக்கும்போது எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு அவள் விரலை வைத்தாள்.

மறுநாளே அவர்கள் குடியிருந்த லயத்துக்குப் போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். தோட்டத்துக்குள் போகத் துரையின் அனுமதி வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். யோங் பெங்கில் இருக்கிற சின்னம்மா மகளுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம். அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். முறைப்படி செய்வோம் என்று சபைக்குப் போனேன். இன்றுவரை அதற்காக என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

சபையில் எழுந்து, அந்தக் கைநாட்டுகள் செல்லாது, அவற்றை ரத்து செய்யுங்கள் என்றேன். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இந்தியாவுக்குப் புதுக் கடிதம் போய்விட்டது என்றார். அதிலிருந்து ஒரு வரியை வாசித்தார். தொழிலாளர்கள் யாவரும் தங்கள் சமூகத்தின் பிரதிநிதி முன்னிலையில், ஒருவர்கூட மறுக்காமல் சம்மதித்தார்கள் என்று இருந்தது. அடியில் சாட்சியாக என் பெயர்.

"உங்கள் முன்னிலையில் பெற்ற சம்மதத்தை நம்பக்கூடாது என்கிறீர்களா? அப்படியானால் மற்றத் தோட்டங்களிலும் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடலாம். நீங்கள் சொன்னால் போதும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முழங்கையில் அந்தக் கை பட்டது. இந்தத் தடவை நான் அதைத் தட்டிவிடவில்லை. கோரிக்கையை வற்புறுத்தாமல் உட்கார்ந்தேன். நான் அரசாங்கத்தை மடக்கப் போட்ட வலையில் மாட்டியது நான். விட்டு வெளியேறினால் அந்த மேசைக்கு வேறு ஒரு கோட்டுக்காரன் வருவான், அவன் இந்த அளவுக்குக்கூட நெளியமாட்டான் என்று சொல்லி இன்னும் ஒரு பதவித் தவணை அந்த நாற்காலியிலேயே இருந்தேன். அது உண்மையா, என் சப்பைக்கட்டா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

அந்தத் தோட்டத்து ஆட்கள் புறப்படுகிற நாள் ஜொகூர் பாரு ஸ்டேஷனுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. கோட்டுப் போடவில்லை. தகரப்பெட்டிகளும் பாய்ச்சுருட்டுகளும் பிளாட்பாரம் முழுக்கக் கிடந்தன. கூட்டத்தில் அவளே என்னைக் கண்டுபிடித்து, மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். ஐயாவைக் கும்பிடு என்று மகளிடம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், மற்றவர்கள் காதில் விழக்கூடாது என்பதுபோல.

"ஐயா, கப்பல் எறங்கினதும் நாங்க எங்க போகணும்? ஐயா ஒக்காந்து கைநாட்டு வாங்கியிருக்கீங்கன்னா, அங்க ஏதோ ஏற்பாடு பண்ணியிருப்பீங்கன்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். இல்லாட்டி நான் யோங் பெங் போயிருப்பேனே. பண்ணியிருக்கீங்கல்ல?"

விசில் ஊதிவிட்டது. அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பண்ணியிருக்கேன்மா" என்றேன்.

அவள் அவர்கள் பக்கம் திரும்பி, நான் சொன்னேன் பார்த்தீங்களா என்று சொல்லிவிட்டு, மகளைத் தூக்கி வண்டிக்குள் ஏற்றினாள்.