கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை

முறிந்த கையை எவரும் நம்புவார்கள், மடங்காத விரலை நம்பவைப்பதுதான் பிசியோதெரபிஸ்டுகளாகிய எங்கள் தொழில். விரல் நுனி ஒன்று அரை அங்குலம் வளைந்ததற்கு மேசையில் தட்டிக் கூத்தாடுகிற ஆளை எங்கேயாவது கண்டால், அது நான்தான். ஒரு கையைக் கட்டி வைத்துக்கொண்டு மற்றக் கையால் சட்டைப் பொத்தான் பூட்டிப் பாடுபட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

சின்ன வெட்டு

கனகராயன்குளத்துப் பரிமளம் அக்கா மாட்டுக்குப் புல் அறுக்கும்போது அரிவாள் இடது கையில் பட்டுவிட்டது. மோதிர விரலிலும் சின்ன விரலிலும் அடிப்பக்கம் ஒரு கோடு, அவ்வளவுதான். இரண்டு தையல் போட்டால் பின்னேரப் பால் கறக்கப் போய்விடலாம் என்று அவருடைய கணவர் தவராசா அண்ணை அவசரப்பட்டார். வேறு ஒருவரைப் பார்க்க ஆஸ்பத்திரியின் காயக்கட்டு அறைக்கு வந்த நான் அந்தக் கையைக் கண்டு நின்றுவிட்டேன். சும்மா கிடக்கிற கையில் விரல்கள் எல்லாம் கொஞ்சம் உள்ளே வளைந்திருக்கும். அக்காவின் இரண்டு விரல்கள் மட்டும் நேரே நீட்டிக்கொண்டு கிடந்தன.

நடு மூட்டைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொன்னேன். அக்கா பல்லைக் கடித்தார், நுனி அசையவில்லை. மற்ற விரல்களை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடு மூட்டை மடக்கச் சொன்னேன். அதுவும் இல்லை. விரலை மடக்குகிற தசைநாண்கள் எல்லாமே அறுந்துபோயிருந்தன. ஒப்பரேஷன் செய்யவேண்டும், மூன்று மாதம் கறக்க முடியாது என்று அக்காவிடம் சொன்னேன்.

"தம்பி, என்ரை மாடு வேறை ஆரையும் மடியில கை வைக்க விடாது. மூண்டு மாசம் நீங்கள் வந்து கறப்பியளோ?"

நரம்பு

அடுத்த நாளே தைத்தாயிற்று. ஆனால் எங்கள் ஊரில் தோலுக்குக் கீழே நீளமாக எது ஓடினாலும் நரம்புதான். அண்ணை ஒரு போத்தல் நரம்பெண்ணெயோடு வந்து, கட்டை அவிழ்த்து விரலை உருவி இழுத்துவிடலாமா என்று கேட்டார். அவரை வெளியே நின்ற அவருடைய சைக்கிளடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிரேக் பிடிதான் முன்னங்கைத் தசை, பிரேக் கம்பிதான் நாண், கம்பி ஓடுகிற குழாய் விரலுக்குள் இருக்கிறது. அறுந்த கம்பி குழாய்க்குள் பின்வாங்கி ஒளித்துக்கொள்ளும், அதைத் தேடிப் பிடித்துத்தான் தைத்திருக்கிறார்கள். பலமாக இழுத்தால் தையல் விடும், அசைக்காமலே வைத்தால் கம்பி குழாயோடு ஒட்டிவிடும் என்றேன். அவர் பிரேக்கை நாலு தரம் பிடித்துப் பார்த்தார்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே. சும்மா தசை, நாண் எண்டு பாடம் எடுத்துக்கொண்டு நிண்டியள்."

பஸ் நேரம்

கையின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்து, மணிக்கட்டும் விரல்களும் முன்னே சாய்ந்திருக்கக் கட்டிவிட்டேன். மணிக்கு ஒருதரம் மற்றக் கையால் விரல்களை மடக்கி, தட்டில் முட்டும்வரை மெல்ல நிமிர்த்தவேண்டும். மணிக்கூடு பார்க்கப் பஞ்சியாய் இருக்கிறது, மறந்தும் போகிறது என்றார் அக்கா. வீடு ஏ-நைன் ரோட்டோரம்தானே, பஸ் போகும்போது செய்யுங்கோ என்று பெரிய கெட்டிக்காரன் போலச் சொன்னேன். அடுத்த கிழமை, ஏழே நாளில், விரல்கள் வீங்கிப்போய் வந்து சேர்ந்தன.

"தம்பி, அந்த ரோட்டில நாளைக்கு எத்தினை பஸ் ஓடுதெண்டு ஒருக்கா வந்து இருந்து எண்ணிப் பாருங்கோ."

கோயில்

நாலாம் கிழமை அக்காவின் முகம் செத்துப்போயிருந்தது. முதல்நாள் அம்மன் கோயில் பொங்கல். தீபம் காட்டியதும் தட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திச் சேர்த்துத் தலைக்குமேல் கும்பிட்டிருக்கிறார். உள்ளே 'டிக்' என்று கேட்டதாம். மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாகப் பின்னே நிமிர்த்துகிற அந்தக் கும்பிடைவிடத் தைத்த நாணுக்குக் கேடான ஒன்றை யோசித்தும் கண்டுபிடிக்க முடியாது. அறுந்திருந்தால் இன்னொரு ஒப்பரேஷன். அதற்குப் பிறகு அந்தக் கை மடி பிடிக்குமோ என்று எவராலும் சொல்ல முடியாது.

நடு மூட்டைப் பிடித்தேன். பலம் போடாமல் நுனியை மட்டும் மெல்ல மடக்கச் சொன்னேன். மோதிர விரல் ஒரு நெல்மணியளவு குனிந்தது. பிறகு சின்ன விரலும் குனிந்தது. ஒட்டிக் கிடந்த ஏதோ ஒன்று விட்டிருக்கவேண்டும், நாண் அறவில்லை! நான் போட்ட சத்தத்தில் நேர்ஸ் நஸ்ரீனா யாரோ விழுந்துவிட்டார்கள் என்று ஓடிவந்தார். சந்தோஷம் அடங்கியதும் எனக்குக் கோபம் வந்தது, எத்தனை தரம் சொன்னேன் என்று ஏசினேன். அக்கா கழற்றிய தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தூக்கக்கூடாது, பிழியக்கூடாது, தண்ணி அள்ளக்கூடாது எண்டியள். கும்பிடக்கூடாது எண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லையே."

மடி

இந்த மூன்று மாதமும் தவராசா அண்ணை அக்காவின் சேலையைப் போர்த்துக்கொண்டு, மாட்டை ஏமாற்றிக் கறந்துவந்தார். இனிக் கறக்கலாம் என்று விட்ட பதின்மூன்றாம் கிழமை நான் பொறுக்கமுடியாமல் மோட்டார் சைக்கிளில் நேரே பட்டிக்குப் போய்விட்டேன். அக்கா குந்தியிருந்து இரண்டு கையாலும் மடியைப் பிடித்தார். முதல் பீச்சு வாளியில் விழுந்த சத்தத்துக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என் கண் விரலில்தான். சின்ன விரல் நுனி உள்ளங்கையைத் தொடவில்லை, கொஞ்சம் குறைந்தே நின்றது. இதற்குமேல் மடங்காமல் போகலாம், குறை நினைக்காதேங்கோ என்றேன். அக்கா கறவையை நிறுத்தவில்லை.

"விடுங்கோ தம்பி, மாட்டுக்கு அளவு பார்க்கத் தெரியாது."

மூன்று மாதம் நான் விரலை அளந்த அடிமட்டத்தைவிட அந்த மாட்டின் மடிதான் சரியான சோதனை என்பதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஆஸ்பத்திரி அறிக்கையில் அதை எப்படி எழுதுவது என்றுதான் இன்னும் தெரியவில்லை.