தண்ணி குடிக்கக் கடலுக்குள் போன காளை

எங்கள் அப்பாவுக்குக் கடல் என்றாலே ஆகாது. பொன்னமராவதிப் பக்கம் கண்மாய்த் தண்ணியில் விவசாயம் பார்த்த மனுசர். மீமிசலுக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பைத் தாண்டினால் கடல் என்றிருக்கும் வீட்டில் என்னைக் கட்டிக் கொடுத்ததே ஆத்தாவின் பிடிவாதத்தால்தான். ஆத்தாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்தான் என் மாமனார். அப்போது மாப்பிள்ளை வீடு பார்க்கக்கூட அப்பா வரவில்லை. தன் தம்பியை அனுப்பிவிட்டு ஊரிலேயே இருந்துகொண்டார்.

கோடை பிறந்தால் ஆத்தா என் தங்கையையும் பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அப்பா மட்டும் வரமாட்டார். ஒரு வருசம் வைக்கோல் போர் வேயணும் என்பார், மறுவருசம் பசு கன்று போடப்போகுது என்பார். எனக்குத் தெரியாதா என்ன? பயம். சொன்னால் ஒத்துக்கொள்வாரா?

இப்படி வந்து போனதில் என் தங்கைக்கும் என் கொழுந்தனுக்கும் ஒருத்தர் மேல் ஒருத்தருக்கு ஆசை விழுந்துவிட்டது. முறைதானே, யாருக்கும் ஆட்சேபம் இல்லை, அப்பாவைத் தவிர. "ஒருத்தியக் கடலுக்குத் தூக்கிக் குடுத்தது போதும்" என்று ஒரே பிடியாக நின்றார். தங்கை சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டாள். கடைசியில், நானே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அந்தக் கோடையில் புறப்பட்டு வந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று ஆத்தா வந்து இறங்கியதும் என் காதைக் கடித்தாள்.

பஸ்ஸை யார் நம்புவது என்று சொந்த வண்டியைக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் தங்கித் தங்கி வந்தார். மாட்டைப் பூப்போல ஓட்டி வந்ததில் பிள்ளைகளுக்குத்தான் இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் கடலைக் கண்டதும் ஒடிந்த இடுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி ஓடி விழுந்தார்கள்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு குளிர்ந்து போகிறது. விடிந்ததும் பிள்ளைகள் தண்ணியில். கூப்பிட்டால் காது கேட்காது, நண்டு வறுக்கும் வாசனை எட்டினால்தான் கரையேறும். ஆத்தா கழுத்துவரை நனையும்படி கடலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடம் ஊர்க்கதை பேசுவாள். என் மாமியாருக்கு அடுப்பை விட்டு நகர நேரமில்லை, அதில் அவருக்கு அத்தனை சந்தோசம். சாப்பாட்டுக்குப் பிறகு தோப்பில் பாயை விரித்தால் காற்றுக்குக் கண் சொக்கும்.

அப்பாவோ ரோட்டைப் பார்த்துக் கட்டிலைத் திருப்பிப் போட்டு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. "கடல் ஆகாது, கடல் நண்டு மட்டும் ஆகுமாக்கும்" என்று பரிமாறும்போது அவர் காதில் விழும்படியே சொன்னேன். நண்டுக்காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கல்யாணப் பேச்சை மாமனார் எடுக்கும் போதெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார். தங்கை கதவிடுக்கில் நின்று கேட்டுவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாளைக்குப் புறப்பாடு என்கிற அன்று காலையில் அது நடந்தது. வண்டிமாட்டில் செவலைக்காளை அப்பாவுக்கு உயிர். எங்கள் கிணற்றுத் தண்ணி கொஞ்சம் கரிக்கும். வந்ததிலிருந்து செவலை வாளியை மூக்கால் தள்ளிவிட்டு, தாகம் பொறுக்காமல் கொஞ்சமாய்க் குடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கயிறு எப்படியோ அவிழ்ந்திருக்கிறது. தோப்பைத் தாண்டிப் பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. பாவம், கண்மாய் என்று நினைத்துவிட்டது.

இறங்கி வாயை வைத்தது. உப்பு. செருமித் தலையை உதறியது. கோடையில் அப்பா ஊர்க் கண்மாயில் கரையோரம் கலங்கிக் கிடக்கும், உள்ளே போனால்தான் தெளிந்த தண்ணி. அந்தப் பழக்கத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் வாயை வைத்தது. மறுபடியும் உதறியது. இப்படியே வாயை வைப்பதும் உதறுவதுமாக நல்ல தண்ணியைத் தேடிப் போய்க்கொண்டே இருந்தது.

பிள்ளைகள் கத்திய கத்தலில் அப்பா திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டியதைப் பார்த்தேன், அடுத்து ஆளைத் தண்ணிக்குள்தான் பார்த்தேன். மாமனார் சிரித்துக்கொண்டே, ஒன்றும் ஆகாது, மெதுவாகப் போங்கள் என்றார். யார் காதில் வாங்குகிறார்கள்? அப்பா "ஏலே, ஏலே" என்று மாட்டைக் கூப்பிட்டபடி போகிறார், போகிறார், தண்ணி முழங்காலைத் தாண்டவில்லை. எங்கள் பக்கத்துக் கடல் அப்படித்தான். கரையில் நின்ற எங்களுக்குத் தலை சிறுத்துத் தெரிகிற தூரம் போயும் தண்ணி தொடைக்குத்தான் இருந்தது. அங்கே கயிற்றைப் பிடித்துவிட்டார்.

பிடித்தவர் உடனே திரும்பி வருவார் என்று பார்த்தால், அதுதான் இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தார். குனிந்து கையால் தண்ணியை அள்ளி மாட்டின் முதுகில் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்துவிட்டார், ஊர்க் கண்மாயில் குளிப்பாட்டுகிற மாதிரியே. ஆத்தா சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

கரையேறியதும், "எங்க கண்மாயில பாதிக்குக் காணாது மச்சான் இந்த ஆழம். இதுக்கா இத்தன வருசம் பயந்துகிட்டுக் கெடந்தேன்?" என்றார். தங்கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது என்று நான் நினைக்கிற நேரத்தில், என் மாமனார் வாயைத் திறந்தார்.

"ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது மாப்பிள்ள. இது கோடைக் கடலு. கார்த்திகையில வந்து பாருங்க, தண்ணி தோப்புக்குள்ள ஏறி நிக்கும். அதையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

இந்த மனுசரை யார் இப்போது உண்மை பேசச் சொன்னது? எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமனார் என்றும் பார்க்காமல் ஏதாவது சொல்லியிருப்பேன். அப்பா முகம் சுருங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொரு கார்த்திகையும் இங்கேதான் இருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார்.

"கார்த்திகையில வந்தா நான் பயந்துருவேன் மச்சான்" என்றார் கடைசியில். "தண்ணி ஏறுற அன்னிக்கு மூத்தவ ஒத்தையில இருக்க வேணாம். கூடப்பொறந்தவளும் பக்கத்துல இருக்கட்டும். தாம்பாளத்த எடுக்கச் சொல்லுங்க."

வெற்றிலை எங்கே, பாக்கு எங்கே என்று மாமியார் உள்ளே ஓடினார். நான் நின்ற இடத்திலேயே அப்பாவின் ஈரத் தோளில் முகத்தை வைத்து அழுதேன்.