பேர்னாட் முழுதாகக் கேட்காத குரல்பதிவு

பெண்கள் தினத்தன்று பதாகை தூக்கிக்கொண்டு தெருவில் இறங்குமுன் கணவருக்குத் தேநீர் ஊற்றி மூடிவைப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை என்பது யூஜினாவின் கட்சி. "தேத்தண்ணி அவருக்கு, பதாகை எனக்கு" என்பார். முப்பது வருடத் திருமணமும் ஏறக்குறைய அதே வயதுள்ள போராட்டங்களும் அந்த ஒப்பந்தத்தில்தான் ஓடின.

பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற பிறகு, கொட்டாஞ்சேனை சனசமூக மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் அவர் ஒரு வகுப்பு நடத்தினார். போனில் வரும் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்புமுன் எப்படிச் சோதிப்பது என்பதே பாடம். அதற்குக் காரணம் ஜிந்துப்பிட்டிப் பெண் ஒருத்தி. அவளுடைய முகத்தை வேறு யாரோ ஒருத்தியின் உடம்பில் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு வேலை போனது. யூஜினா பொலிஸ் வரை கூடப் போனார், தெருவில் நின்று கோஷமும் போட்டார். பிறகுதான் தெரிந்தது, அந்தப் படத்தை ஊரெல்லாம் பரப்பியவர்களில் பாதிப் பேர் அவள் குடியிருந்த அதே ஒழுங்கைப் பெண்கள். அவர்களுக்கு எதிராகப் பதாகை தூக்க முடியாது; வகுப்புத்தான் வைக்கலாம்.

வைத்தார். ஏழு பேர் வந்தார்கள். பஸ் தரிப்பிடத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்தார். சனம் நன்றி சொல்லி வாங்கி, வாங்குப் பலகையில் விரித்து அதன்மேல் உட்கார்ந்தது.

மண்டபச் செயலாளர் ஸ்ரான்லி பொறுமைசாலி. ஆனால் கரண்ட் பில் அவர் பெயரில் வருகிறது.

"ரீச்சர், ஏழு பேருக்கு மூண்டு பேன் ஓடுது. ஸூம்பா டான்ஸ் ஆக்களும் சனிக்கிழமைதான் கேக்கினம். இந்தச் சனியும் மண்டபம் நிறையாட்டி அவைக்குக் குடுக்கத்தான் வேணும். அதுவும் பொம்பிளையளுக்குத்தானே?"

அந்தக் கிழமைதான் ஒரு குரல்பதிவு கிளம்பியது. யாரென்று தெரியாத பெண் குரல்: "பிள்ளையள், கவனம்! கொட்டாஞ்சேனை மண்டபத்தில ஒரு ரீச்சர், புருஷன்மாரின்ர போனைக் களவாத் திறந்து பாக்கப் பழக்குறாவாம். சல்லிக் காசும் எடுக்கிறேல்லையாம். குடும்பங்கள் உடையப் போகுது!"

யூஜினாவுக்கு அது வெள்ளிக்கிழமை வந்துசேர்ந்தது. அனுப்பியவர் துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்ற பேர்னாட். அடுத்த கதிரையில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர்.

"இது ஆரைப் பற்றி?"

"ஆரோ ஒரு ரீச்சராம்."

"முழுசாக் கேட்டீங்களா?"

"'கவனம்' எண்டு தொடங்கிச்சு. கவனம் எண்டா அனுப்பத்தானே வேணும்?"

"எத்தினை குறூப்புக்கு?"

"எல்லாத்துக்கும்" என்றார் பேர்னாட், கடமை தவறாதவரின் நிறைவோடு. பழைய துறைமுக ஆட்கள், கோயில் பாடகர் குழு, ஹெந்தளைச் சொந்தக்காரர், ஒருவரும் விடுபடவில்லை.

இனி வகுப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் யூஜினா சனிக்கிழமை போனார். மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஸ்ரான்லியே கதிரை சுமந்துகொண்டிருந்தார். "இப்பிடியெண்டா மண்டபம் உங்களுக்குத்தான் ரீச்சர்!"

அவர்கள் புருஷன்மாரின் போனைத் திறக்கப் பழகத்தான் வந்திருக்கிறார்கள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. குரல்பதிவைப் பற்றி வாயைத் திறக்காமல் பாடத்தைத் தொடங்கினால் மண்டபம் தப்பிவிடும். வாழ்நாள் முழுக்கத் தேடிய கூட்டம், பொய் ஒன்று கூட்டித் தந்த கூட்டம். ஜிந்துப்பிட்டிப் பெண்ணின் வேலையைப் பறித்ததும் இதே மாதிரி ஒன்றுதானே.

யூஜினா குரல்பதிவை ஒலிபெருக்கியில் போட்டார்.

"இதில சொல்லுற ரீச்சர் நான்தான். இது பொய். இஞ்ச ஒருத்தற்ற போனையும் திறக்கப் பழக்குறேல்ல. அதுக்கு வந்தாக்கள் போகலாம், எனக்குக் கோபமில்லை."

"வெள்ளவத்தையில இருந்து பஸ் ஏறி வந்தனான்!" என்று ஒரு குரல் பொருமியது. கதிரைகள் கிறீச்சிட்டன. வாசலில் நெரிசல். ஸ்ரான்லி பெருமூச்சு விட்டு ஒரு பேனை நிறுத்தினார். அடுத்த சுவிட்சுக்குக் கை போனது.

"இஞ்சேருங்கோ, அதை நிப்பாட்டாதேங்கோ. வேர்க்குது."

முன்வரிசையில் அவருடைய மனைவி ஐறீன். ஸ்ரான்லியின் கை அந்தரத்தில் நின்றது.

"நீர்... நீர் எதுக்கு வந்தனீர்?"

"எதுக்கு வந்தனானோ அது இல்லையாமே!" மண்டபம் சிரித்தது. ஐறீன் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். "ரீச்சர், ரெண்டு நாளா இதை நம்பினனான். தங்கச்சிக்கும் அனுப்பினனான். ஆர் சொன்னதெண்டே தெரியாது. பிறகு எப்பிடி நம்பினனான்? அதைச் சொல்லித் தாங்கோ."

வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களும் அனுப்பியவர்கள்தான். வெள்ளவத்தைக்காரி முதலில் வந்து உட்கார்ந்தாள். பஸ் காசு வீண்போகக் கூடாது என்றாள். பின்னால் வேறு சிலரும் வந்தார்கள். மண்டபம் நிறையவில்லை. ஆனாலும் ஸ்ரான்லி, ஒருவரும் கேட்காமலே, நிறுத்திய பேனைத் திரும்பப் போட்டார். ஸூம்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

மறுநாள் தேவாலயப் பூசையில் யூஜினா, குரல்பதிவில் பேசிய அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக ஒரு செபம் சொன்னார்: மிக்க நன்றி, ஆனால் இனி வேண்டாம். பிறகு வீட்டுக்கு வந்து, இது பொய் என்று தன் குரலில் பதிந்து பேர்னாட்டிடம் கொடுத்தார், எல்லாக் குறூப்புக்கும் அனுப்பச் சொல்லி. அதை அங்கிருந்து ஒருவரும் மேலே அனுப்பவில்லை. உண்மையின் தலைவிதி அப்படி.

ஆனால் பேர்னாட், அனுப்புமுன், போனைக் காதோடு வைத்துக் கடைசிச் சொல் வரை கேட்டார். "இன்னொருக்காப் போடுறன்" என்று திரும்பவும் கேட்டார். யூஜினா எழுந்து அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். அன்றைக்குப் போராட்டம் ஒன்றும் இருக்கவில்லை.