தலையாட்டிப் பிளேன்கள்

அவன் ஒட்டினதெல்லாம் பிடிபட்ட பிளேன்கள்தான். பெட்டியிலை வாற பிளாஸ்ரிக் துண்டுகளை வெட்டி, அரத்தாளாலை தேய்ச்சு, ஒட்டி, பெயின்ற் அடிச்சு, கையளவு பிளேன் செய்யிற விசர் எங்கள் ரெண்டு பேருக்கும் இருந்தது. நோர்வேயின்ரை குளிர்காலத்தைத் தள்ளுறதுக்கு ஏதாவது ஒரு விசர் வேணும்தானே. நான் கண்டதையும் ஒட்டுவன். அவன் அப்பிடியில்லை. ரெண்டாம் உலக யுத்தத்திலை ஜெர்மன்காரர் எதிரியளிட்டைப் பிடிச்சு, திருத்தி, தங்கடை சிலுவையைக் கீறி ஓட்டின பிளேன்கள் மட்டும்தான் அவனுக்கு வேணும். இங்கிலாந்துக்காரற்றை சண்டை விமானம், ஆனால் செட்டையிலை ஜெர்மன் சிலுவை. அமெரிக்காவின்ரை நாலு எஞ்சின் பொம்பர், அதிலையும் சிலுவை. சிலதுக்கு வயிறும் வாலும் மஞ்சளாயிருக்கும். ஏன்ரா இந்த மஞ்சள் எண்டு கேட்டனான். உருவம் எதிரியின்ரைதானே அண்ணை, ஜெர்மன்காரர் தங்கடை ஆள் எண்டு தெரியாமல் தாங்களே சுட்டுப்போடாமல் இருக்கத்தான் எண்டான்.

நான் நகரத்தின்ரை ஒரு கரையிலை ஸ்டோவ்னரிலை இருந்தனான், அவன் மற்றக் கரையிலை ஹவுகெட்டோவிலை. ஞாயிற்றுக்கிழமையளிலை ரயில் மாறி ஏறி வந்திடுவான். என்னைவிட ஆறேழு வயது இளையவன், தனிக்கட்டை. எனக்கு அண்ணை, என்ரை மனிசிக்கு அக்கா எண்டு வாய் நிறையக் கூப்பிடுவான். மனிசி அவனுக்கெண்டு புட்டவிச்சு கத்தரிக்காய்க் குழம்பு வைப்பா. எனக்கு இல்லாத பொரியல் அவனுக்கு இருக்கும். பின்னேரம் முழுக்கக் குசினி மேசையிலை பேப்பரை விரிச்சு வைச்சுக்கொண்டு ஒட்டுவம்.

எனக்கு வாய் சும்மா கிடக்காது. அவன்ரை பிளேனுகளுக்குப் பேர் வைச்சது நான்தான். “உதெல்லாம் தலையாட்டிப் பிளேன்” எண்டு ஒருநாள் சொன்னன், அதுவே நிலைச்சுப்போச்சு. எங்கடை ஊராக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவைக்குச் சொல்லுறன். ஆமி ஊரை வளைச்சு, பெடியளை எல்லாம் ஒரு மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையிலை நடக்கவிடுவான். ஜீப்பிலை ஒருத்தன் முகத்துக்குச் சாக்குப் போட்டு, கண்ணுக்கு ரெண்டு ஓட்டையோடை இருப்பான். அவன் முதலே பிடிபட்டவன், எங்கடை ஆள். ஆரைப் பாத்து அவன் தலையாட்டுறானோ அந்தப் பெடியன் லொறியிலை ஏறுவான். அவன்தான் தலையாட்டி. நான் பகிடியைச் சொல்லுற நேரமெல்லாம் இவனும் சிரிப்பான். குனிஞ்சு பெயின்ற் அடிச்சபடிதான் சிரிப்பான். அதை நான் ஒருநாளும் யோசிக்கேல்லை.

என்ரை தம்பியும் அப்பிடித்தான் போனவன். நான் அதுக்கு முதலே நோர்வேக்கு வந்திட்டன். தம்பி டியூட்டரிக்குப் படிக்கப் போன நாளிலை சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்திலை வரிசை. சாக்குப் போட்டவன் தலையாட்டினதை அயலாக்கள் கண்டவை. அதுக்குப் பிறகு தம்பியை ஒருத்தரும் காணேல்லை. அம்மா ஏறாத ஆமிக் காம்ப் இல்லை, கேக்காத சாத்திரி இல்லை. ஒரு சாத்திரி பெடியன் கடல் கடந்து இருக்கிறான் எண்டு சொல்லிப்போட்டான், அறுவான். அதோடை அம்மா அசையேல்லை. அந்தியேட்டி செய்ய விடமாட்டன், உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஆரும் கருமம் செய்வினமோ எண்டு நிண்டா. செத்ததைக் கண்ட ஒருத்தன் முன்னுக்கு வந்து சொல்லட்டும், அப்ப செய்யுறன் எண்டா.

தம்பியின்ரை பிறந்தநாளுக்கு எங்கடை வீட்டிலை பொங்கிப் படைச்சு, பாயாசம் காய்ச்சுவம். ஒவ்வொரு வருசமும் இவன் வருவான். ஒவ்வொரு வருசமும் நான் இதே கதையைச் சொல்லி அழுவன். இவன் என்ரை முதுகைத் தடவிவிடுவான். அம்மா ரெலிபோனிலை இவனோடையும் கதைப்பா. “தம்பி, சாப்பிட்டியோ அப்பன்?” எண்டு கேட்டுத்தான் தொடங்குவா. நீ எந்த ஊர், தம்பியைத் தெரியுமோ எண்டு அம்மா முதல்முதல் கேட்டபோது, நான் தீவுப் பக்கம் அம்மா, தெரியாது எண்டவன் இவன். அது என்ரை காதுபடச் சொன்னது.

பிறகு சமாதானப் பேச்சு நடந்த வருசங்கள் வந்தது. பாதை திறந்து, இஞ்சையிருந்து ஆக்கள் ஊருக்குப் போய்வரத் தொடங்கிச்சினம். அம்மாவுக்கு வயது போட்டுது, இருதயமும் சரியில்லை. அவ கண்ணை மூட முதல் தம்பியின்ரை காரியத்தை ஒரு முடிவுக்குக் கொண்டுவரவேணும் எண்டு நானும் கோடை லீவுக்குப் போக வெளிக்கிட்டன். இவனுக்கும் சொன்னனான். அம்மாவை எப்பிடிச் சம்மதிக்க வைக்கிறது எண்டு இவனிட்டையே யோசனை கேட்டனான்.

அந்த வசந்தத்திலைதான் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியிலை பிளேன் ஒட்டுறவையின்ரை கண்காட்சி ஒண்டு நடந்தது. இவன் தன்ரை பிளேனுகளை ஒரு மேசையிலை பரப்பினான். நடுவிலை ஒரு நோர்வேஜியன் கடல் விமானம். தண்ணியிலை இறங்குற மிதவையோடை, இந்த நாட்டிலையே செய்தது. ஜெர்மன்காரர் வந்த வருசம் அதுகளையும் பிடிச்சு, சிலுவை கீறி, கரையோரம் பறக்கவிட்டவங்களாம். ஆக்கள் குனிஞ்சு குனிஞ்சு பாத்தினம். எனக்கு அவனை நினைக்கப் பெருமையாயிருந்தது.

ஒரு வயதுபோன நோர்வேஜியன் மனிசி சாமான் பையோடை வந்து அந்தக் கடல் விமானத்துக்கு முன்னாலை நிண்டா. சின்னப் பிள்ளையா இருக்கேக்கை தங்கடை ஃபியோர்டுக்கு, மலையளுக்கிடையிலை கடல் உள்ளுக்கு வாற இடத்துக்கு, மேலாலை இது பறக்கிறது எண்டு சொன்னா. சத்தத்திலையே மட்டுக்கட்டுவினமாம். போர் வந்த பிறகு ஒருநாள் அந்தச் சத்தம் கேக்க, எங்கடை பிளேன் திரும்பி வந்திட்டுது எண்டு பிள்ளையள் எல்லாம் கரைக்கு ஓடிப்போய்க் கை காட்டினவையாம். தலைக்கு மேலை வரத்தான் சிலுவையைக் கண்டதாம். அது சுடேல்லை, ஒண்டும் செய்யேல்லை, சும்மா கடந்து போட்டுது, ஆனால் நான் கை காட்டினதை எனக்கு இண்டைக்கும் பொறுக்கேலாது எண்டா.

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கடை ஊரிலையும் இப்பிடி இருக்கு எண்டு, தலையாட்டிக் கதையை எனக்குத் தெரிஞ்ச நோர்ஸ்க் பாசையிலை அந்த மனிசிக்குச் சொல்லத் தொடங்கினன். பாதியிலை திரும்பிப் பாத்தால் இவனைக் காணேல்லை.

கார் நிறுத்துற இடத்திலை என்ரை காருக்குப் பக்கத்திலை நிண்டான். என்னடா, சுகமில்லையோ எண்டு கேட்டு, காரிலை ஏத்தினன். ஸ்டார்ட் பண்ணப் போக என்ரை கையைப் பிடிச்சான்.

“அண்ணை, அம்மாவை அந்தியேட்டி செய்யச் சொல்லுங்கோ. ஆள் இல்லை. அடுத்தநாள் காலமையே முடிஞ்சுது. பிரேதத்தைத் தூக்கினதிலை நானும் ஒருத்தன்.”

எனக்கு உடனை விளங்கேல்லை. உனக்கெப்பிடித் தெரியும், உனக்கெப்பிடித் தெரியும் எண்டு அதையே கேட்டுக்கொண்டிருந்தன். அப்பதான் சொன்னான். தீவுப் பக்கமெல்லாம் பொய். தம்பியும் தானும் ஒரே டியூட்டரி, ஒரே வாங்கு. சுற்றிவளைப்புக்கு முதல் கிழமை இவன் பிடிபட்டவன். நகத்தைப் பிடுங்கினவங்களாம். அதுதான் இடக்கை விரலிலை நகமில்லாதது. மெசினிலை அகப்பட்டது எண்டு எங்களுக்குச் சொல்லியிருந்தான். ஆரையும் காட்டாட்டில் திரும்பவும் அடி, தலையாட்டினால் விடுறம் எண்டவங்களாம். சாக்கைப் போட்டு ஜீப்பிலை இருத்தினவங்களாம்.

“தம்பி என்னை மட்டுக்கட்டிப்போட்டான் அண்ணை. சாக்குக்குள்ளை நான்தான் எண்டு அவனுக்குத் தெரியும். என்னைப் பாத்துச் சிரிச்சவன். எங்கடை ஆள்தானே, விட்டிடுவான் எண்டு நினைச்சுச் சிரிச்சவன்.”

அதுக்குப் பிறகும் தலையாட்டினியோ எண்டு கேட்டன். ஓம் எண்டான்.

நான் அவனை அடிக்கேல்லை. அடிச்சிருப்பன் எண்டுதான் எல்லாரும் நினைப்பினம், என்னைத் தெரிஞ்ச ஆக்கள். கை எழும்பேல்லை. சித்திரவதைக்குப் பயந்து பதினெட்டு வயதுப் பெடியன் தலையாட்டினதை, கோதாரி, நான் ஒருவேளை பொறுத்திருப்பன். அந்த இடத்திலை நான் இருந்தால் என்ன செய்திருப்பன் எண்டு ஆருக்குத் தெரியும். ஆனால் என்ரை மேசையிலை இருந்து, தம்பியின்ரை பிறந்தநாள் பாயாசத்தைக் குடிச்சு, நான் அழ அழ என்ரை முதுகைத் தடவினவனை எப்பிடிப் பொறுக்கிறது? ஒரு கிழவி காம்ப் வாசலுகளிலை வெயில் காயிறா எண்டு தெரிஞ்சுகொண்டு அவவோடை ரெலிபோனிலை சிரிச்சுக் கதைச்சவனை? ஒரு வார்த்தை முதலே சொல்லியிருந்தால் அம்மா அழுது முடிச்சிருப்பா. அவவின்ரை இத்தனை வருசத்தையும் இவன் வாயை மூடித் திண்டிட்டான். இறங்கு எண்டன். இறங்கினான். பிளேனுகளை எடுத்துக்கொண்டு எப்பிடிப் போனான் எண்டு எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் அம்மாவுக்கு எடுத்தன். மனிசி பக்கத்திலை நிண்டா. தம்பி செத்ததைக் கண்ட ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிட்டன் அம்மா, அடுத்தநாள் காலமையே முடிஞ்சுதாம் எண்டன். இன்னொருக்காச் சொல்லு எண்டா. பிறகு, கண்டவன் ஆர் எண்டு கேட்டா. இஞ்சை ஒரு ஆள் எண்டன். நல்லாயிருக்கட்டும் அந்தப் பிள்ளை, இப்பவாவது வாய் திறந்துதே எண்டா.

அம்மா மூக்கைச் சீறினது கேட்டது.

“காரியத்துக்கு உனக்குப் பக்கத்திலை நிக்க ஒரு கூடப்பிறப்பு வேணுமெல்லே மோனை. உங்கடை வீட்டுக்கு வாற அந்தத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வா. அவன் நிண்டால் எனக்கு என்ரை பிள்ளை நிண்ட மாதிரி.”

வாய் வரைக்கும் வந்தது, தலையாட்டினது அவன்தான் அம்மா எண்டு. மனிசி என்ரை முகத்தைப் பாத்துத் தலையை மெல்ல இல்லை எண்டு ஆட்டினா.

“அவனுக்கு லீவு கிடைக்காது அம்மா” எண்டன்.