நேசன் அண்ணைக்கு ஒரு ஒட்டகம்

சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்த தோழியை ஓர் ஓவியக் கூடத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பாலைவன ஓவியம். ஒட்டகங்கள் வரிசையாகப் போகின்றன, மேலே முக்காடு போட்ட மனிதர்கள், பின்னால் மாலை வெயில். தோழி அந்த வெயிலைப் பார்த்து வாய் பிளந்து நின்றாள். நான் மணலில் விழுந்திருந்த நிழல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒட்டகம் ஏழு, நிழல் ஏழு. மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தலைக்கு ஒன்று இருந்தது. கெட்டிக்கார ஓவியர். "என்னடி முணுமுணுக்குற?" என்றாள். சொன்னால் நீளும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லையே.

2009 கடைசியில் நான் பாரிசில் மேற்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். கணினியில் படங்களைப் பகுப்பாய்வது பற்றிய படிப்பு. அந்தப் பெருமையை நம்பி, பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தமிழ் போட்டோ ஸ்டுடியோவில் சனி, ஞாயிறு வேலை கொடுத்தார்கள். ரூ லூயி-பிளாங் என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே முதல் மாடி. படியேறும்போதே கீழே மிளகாய் வறுக்கிற நெடி மூக்கில் ஏறும், தும்மிக்கொண்டேதான் வேலைக்குப் போவேன். முதலாளி யோகன் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். என் இந்தியத் தமிழைக் கேட்டு வாடிக்கையாளர்கள் "சினிமாப் பிள்ளை" என்று கேலி செய்வார்கள்.

ஸ்டுடியோவின் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட் தொங்கும். இங்கே தங்குவதற்கான காட் இன்னும் கிடைக்காமல், சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஆண்கள் பலர், ஊருக்குப் படம் அனுப்ப அந்த ஒரே கோட்டைத்தான் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒல்லியானவருக்கு முதுகில் கிளிப் போட்டு இறுக்குவோம். குண்டானவர் பொத்தான் போடாமல் நிற்பார். பல பேருடைய சென்ட் வாசனை அதில் ஏறிக் கிடந்தது. பின்னணியை நான் மாற்றுவேன். மலை, பூந்தோட்டம், ஈபிள் கோபுரம், கேட்டது கிடைக்கும்.

நேசன் அண்ணை அடுத்த மார்ச்சில் ஒரு ஞாயிறு வந்து அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, "எனக்கு ஒரு ஒட்டகம் வேணும்" என்றார்.

"பாஸ்போர்ட் சைசிலயோ, பெரிசோ?" என்றார் யோகன் அண்ணை, நிமிர்ந்தே பார்க்காமல்.

விஷயம் இதுதான். மகள் பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோது நேசன் அண்ணை ஊரை விட்டு வந்தவர். இப்போது அவளுக்கு ஆறு வயது. போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, தாயும் மகளும் வவுனியாவில் ஓர் உறவினர் வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் அப்பா கட்டாரில் வேலை செய்தார். ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து அவர் அனுப்பிய படம் அந்தத் தெருவையே ஒரு கலக்குக் கலக்கியிருந்தது. வெளிநாடு என்றால் ஒட்டகம் இருக்கும் என்பது மகளின் கணக்கு. தன் அப்பாவின் ஒட்டகம் எங்கே என்று அவள் ஒவ்வொரு போனிலும் கேட்டாள். நேசன் அண்ணை மூன்று போன்கள் தாக்குப்பிடித்துப் பார்த்தார், நான்காவதில் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நான் இணையத்தில் ஒரு ராஜஸ்தான் ஒட்டகத்தைப் பிடித்தேன். அதன் மேல் தலைப்பாகை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை அழித்தேன். மணலில் கிடந்த அவருடைய நிழலையும் ஒழுங்காக, ஒரு புள்ளி விடாமல் துடைத்தேன். பிறகு நேசன் அண்ணையைக் கோட்டோடும் டையோடும் ஏற்றி உட்கார வைத்தேன். நாற்பது டிகிரி வெயிலில் கோட் போட்டுக்கொண்டு எவன் ஒட்டகம் ஏறுவான் என்று கூட நான் யோசிக்கவில்லை. அவரும் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தார். படத்தை வவுனியாவில் போனும் இணையமும் வைத்திருந்த ஒரு கொமினிகேசன் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பினோம், அவர்கள் கலரில் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவர் வந்தபோது முகம் செத்திருந்தது.

"பிள்ளை கதைக்க மாட்டன் எண்டுறாள்" என்றார். "ஒட்டகத்துக்கு நிழல் இருக்காம். அப்பாவுக்கு இல்லையாம்."

நான் அசட்டுத்தனமாகச் சிரித்து, இன்னொரு முறை நிழலோடு செய்து தருகிறேன் என்றேன். யோகன் அண்ணை என் கையிலிருந்து மவுசைப் பிடுங்கி வைத்தார்.

அந்த வருடம் ஸ்டுடியோவுக்கு வேறு வகை வேலைகளும் வந்துகொண்டிருந்தன. அடையாள அட்டையிலிருந்து ஒரு முகத்தைப் பெரிதாக்கி, கோட் போட்டு, மனைவிக்கும் பிள்ளைக்கும் நடுவில் ஒட்டிக் கொடுப்பது. ஒட்டப்பட்டவர்கள் எல்லோரும் நேராக நின்று நேராகப் பார்ப்பார்கள். அந்த வேலைகளை யோகன் அண்ணை எனக்குத் தர மாட்டார், கதவைச் சாத்திக்கொண்டு தானே செய்வார். வவுனியாவிலும் அந்தத் தெருவில் அப்படிப் படங்கள் பல வீட்டுச் சுவர்களில் இருந்திருக்கின்றன. ஒட்டின அப்பா என்றால் இல்லாத அப்பா என்று அந்த ஆறு வயதுக்குத் தெரிந்திருந்தது. தன் அப்பாவும் செத்துவிட்டார், போனில் பேசுவது வேறு யாரோ மாமா, அம்மா மறைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். இது புரிந்தபோது குளியலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் அவள் போன் பக்கம் வரவில்லை. நான் கோபுரத்தின் கீழே எடுக்கலாம், ரயிலில் எடுக்கலாம் என்றெல்லாம் யோசனை சொன்னேன். கோபுரத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் என்றார் நேசன் அண்ணை. அப்படி ஒட்டலாம் என்று அவருக்குக் காட்டியதும் நான்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் போன் செய்தார். அவர் பாரிசுக்கு வடக்கே கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் மூன்று பேரோடு ஓர் அறையில் இருந்தார். "தங்கச்சி, இஞ்சை ஒட்டகம் வந்து நிக்குது. கெதியா வாங்கோ."

இந்தப் புறநகர்களில் அப்போது சின்னச் சின்ன சர்க்கஸ்கள் வரும். அடுக்குமாடிகளுக்கு நடுவே கிடக்கும் புல்தரையில் கூடாரம் அடித்து, மிருகங்களை வெளியே மேய விடுவார்கள். ஞாயிறு மதியம் யோகன் அண்ணையின் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு ரயிலேறினேன். நேசன் அண்ணை ஸ்டுடியோக் கோட்டோடு காத்திருந்தார், வெள்ளிக்கிழமையே வந்து வாங்கிப் போயிருக்கிறார்.

ஒட்டகம் இருந்தது. ஆனால் அதற்கு இரண்டு திமில். குளிர்காலத்து மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. பக்கத்தில் கழுத்து நீண்ட வெள்ளைப் பிராணி ஒன்று.

"இது ஆடோ, ஒட்டகமோ?" என்றார்.

"லாமா. ஒட்டகத்துக்குச் சொந்தம்" என்றேன்.

"சொந்தம் வேண்டாம். ஒட்டகத்தை மட்டும் எடுங்கோ." பிறகு தயங்கினார். "ரெண்டு திமில் எண்டால் நம்புவாளோ?"

எனக்கும் அதே கவலைதான். பொய்ப் படத்தில் ஒட்டகம் அச்சு அசலாக இருந்தது, நிஜத்தில் இப்படி நிற்கிறது. சாணி அள்ளிக்கொண்டிருந்த சர்க்கஸ்காரரிடம் கேட்டோம், பின்பக்கம் மட்டும் போகாதீர்கள் என்றார். நேசன் அண்ணை நேராக நின்றார், நேராகப் பார்த்தார். இருபது முப்பது படம் எடுத்திருப்பேன். கடைசியில் ஒட்டகம் அவருடைய காலரை வாயில் கவ்விவிட்டது. அவர் தோளைத் தூக்கி, கண்ணை இறுக மூடி, வாய் கோணி, "ஐயோ அம்மா" என்றார். என் விரல் அழுத்திவிட்டது. அந்தப் படத்தில் ஒட்டகத்தின் தலையே பாதிதான் இருந்தது, பின்னால் பத்தாவது மாடியில் யாரோ போர்வை உலர்த்தியிருந்தார்கள். லாமா வேறு ஓரத்தில் புகுந்திருந்தது.

ஸ்டுடியோவில் நான் நல்லதாக நான்கைத் தேர்ந்தெடுத்துக் காட்டினேன். யோகன் அண்ணை அவற்றைத் தள்ளிவிட்டு, மீதியைப் புரட்டி அந்தக் கோணல் படத்தில் வந்து நிறுத்தினார்.

"இதை அனுப்புங்கோ."

"கண்ணே திறக்கலையே அண்ணை."

"நல்லா நிக்கிற ஆக்களை நான் நிறைய ஒட்டியிருக்கிறன் தங்கச்சி. இதில கை வையாதேங்கோ."

வெளிச்சத்தைக்கூடச் சரி செய்யாமல் அனுப்பினேன். புதன்கிழமை மகள் போனுக்கு வந்தாள். "உங்களுக்கு ஏன் அப்பா ஒட்டகத்துக்குப் பயம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாளாம். திமிலைப் பற்றி அவள் சந்தேகமே படவில்லை. கட்டார் ஒட்டகத்துக்கு ஒன்றுதான், எங்கட ஒட்டகத்துக்கு ரெண்டு என்று பக்கத்து வீட்டில் பீற்றிக்கொண்டு திரிந்தாளாம். இதைச் சொல்லும்போது நேசன் அண்ணை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கோட் காலரில் பல் பட்டுக் கிழிந்திருந்தது, யோகன் அண்ணை அதை அப்படியே கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

அவருக்குக் காட் கிடைக்க இன்னும் மூன்று வருடம் ஆனது, தாயும் மகளும் வந்துசேர அதற்கு மேல் ஒன்று. ஸ்டுடியோ இருந்த மாடியில் இப்போது நகத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். யோகன் அண்ணை இங்கிருந்த தமிழர் பலரையும் போல லண்டனுக்குப் போய்விட்டார். கார்ஜில் அந்தப் புல்தரை இருந்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது. படங்கள் இருந்த என் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் கர்ரென்று சத்தம் போட்டு உயிரை விட்டது.

போன வாரம் லா சப்பலில் காய்கறிக் கடை வாசலில் நேசன் அண்ணையைப் பார்த்தேன். கையில் முருங்கைக்காய்க் கட்டு, தலை முழுக்க வெள்ளை. மகள் பெரிய படிப்புப் படிக்கிறாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "அந்த ஒட்டகப் படம் உங்களிட்ட இருக்கோ?" என்றார்.

"எதுக்கு அண்ணை?"

"பிள்ளைக்குச் சொன்னனான், அப்பா செத்துப்போனார் எண்டு மூண்டு கிழமை கதைக்காமல் இருந்தனீ எண்டு. அவள் சிரிக்கிறாள். அப்பிடி ஒண்டும் நடக்கேல்லையாம், நானும் தாயும் சேர்ந்து கதை கட்டுறமாம். படத்தைக் காட்டுங்கோ எண்டுறாள். வவுனியாவில இருந்தது வெளிக்கிட்ட நேரம் துலைஞ்சு போச்சுது."

என்னிடமும் இல்லை என்றேன். அவர் முருங்கைக்காய்க் கட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அவளுக்கு அது ஞாபகம் இல்லாமல் போனது நல்லதுதானே, தங்கச்சி?"

"ஓம் அண்ணை" என்றேன்.