அரிசிக்கு ஒரு கைநாட்டு

மண்சரிவில் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளை இழந்தவர்களுக்காக ஹட்டன் கடைக்காரர்கள் ஒரு கிட்டங்கியில் நிவாரணப் பொருள் சேர்க்கிறார்கள். இன்று காலை நானும் நான்கு கொத்து அரிசியும் இரண்டு சவர்க்காரக் கட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னிடம் யாரும் பெயர் கேட்கவில்லை.

வாங்க வந்த ஒரு பெண்ணிடம், மேசையில் இருந்தவர் பெயரைக் கேட்டு ஒரு தாளை நீட்டினார்.

"கைநாட்டு வைம்மா."

"அரிசிக்கு எதுக்குங்க கைநாட்டு?"

"யாருக்குக் குடுத்தோம்னு தெரியணும்ல."

"பூண்டுலோயாவுல எங்க அண்ணன்கிட்டயும் இப்பிடித்தாங்க ஒரு தாள நீட்டுனாங்க, அவரும் வச்சாரு. இப்ப இந்தியாவுக்குப் போன்னு கவர்மெண்டு கடுதாசி வந்திருக்கு. எம் புள்ளைங்க பசியோட கெடந்தாலும் இங்கயே கெடக்கட்டும்."

வெறும் பையை மடித்துக்கொண்டு அவர் வெளியேறினார்.

அந்தத் தாள் எங்கே போகும் என்று மேசைக்காரரிடம் கேட்டேன்.

"மேல கேட்டாங்க, குடுக்குறோம்."

மேலே யார் என்பது அவருக்கும் தெரியவில்லை.

என் அரிசியைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் பின்னால் ஓடினேன். அதை வாங்கக் கை நீட்டுமுன் அவர் என் சட்டைப்பையிலிருந்த பேனாவைப் பார்த்தார்.

"நீங்க பேப்பர்காரருங்களா? எம் பேர எழுதிராதீங்க சாமி."

எழுதவில்லை.

அந்தத் தாள் போய்ச் சேரும் இடம் தெரிந்தவர்கள் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். கீழே பெயர் போட வேண்டாம்.